லட்சுமிக்குச் சேலை தைத்தவர் யார்?

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர் போன் செய்தார். "ஊர்ல பெரிய வீட்டைப் பிரிக்கிறோம். நீங்கதான் பழைய படம், பழைய டைல்ஸ்னு ஏதாவது எழுதிக்கிட்டே இருப்பீங்களே, ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஊர் திருமயம் பக்கம். செட்டிநாடு என்றால் காரைக்குடியும் சிவகங்கை மாவட்டமும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கோனாப்பட்டு, ராயவரம், அரிமளம், நச்சாந்துபட்டி, குழிபிறை, விராச்சிலை, ராங்கியம் எல்லாம் நம்ம புதுக்கோட்டை மாவட்டம்தான். நண்பரின் வீடும் அப்படி ஒரு ஊரில். பங்காளிகள் பல பேர், ஆளுக்கொரு நாட்டில். பராமரிக்க முடியவில்லை, பிரித்துவிடலாம் என்று முடிவாகிவிட்டது. தேக்கு நிலை, கதவு, டைல்ஸ், கண்ணாடி, படம் எல்லாவற்றுக்கும் விலை பேச ஒரு பழம்பொருள் வியாபாரியும் வந்திருந்தார்.

வளவில் ஒரு லட்சுமி படம் மாட்டியிருந்தது. ரவிவர்மா படம், தாமரையில் நிற்கும் லட்சுமி. ஆனால் சேலை மட்டும் அச்சில் இருப்பது இல்லை. நிஜத் துணி! பட்டுத் துணியை அளவாக வெட்டி, ஓரத்தில் சரிகை வைத்து, கழுத்திலும் இடுப்பிலும் சின்னச் சின்னப் பாசிமணியும் சம்கியும் கோத்து ஒட்டியிருந்தார்கள். பட்டு சில இடங்களில் நைந்துபோயிருந்தது.

வியாபாரி அதைக் கீழே இறக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "துணியை உரிச்சு எடுத்துட்டா அடியில ஒரிஜினல் பிரிண்ட் இருக்குங்க. சுத்தமா இருந்தா நல்ல விலை போகும். இப்படியே கொடுத்தா பாதிதான்."

நண்பர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா மெதுவாகச் சொன்னார்: "அது எங்க மாமியா தச்சதுப்பா. அவுக கல்யாணச் சேலையில கிழிஞ்ச துண்டு."

உரிக்கலாமா, வேண்டாமா? இதுதான் கேள்வி. அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "ஒரு வாரம் டைம் கொடுங்க" என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு வாரம் படித்ததுதான் இந்தக் கட்டுரை. படிக்கப்போய் பாரீஸ் வரைக்கும் போக வேண்டியதாகிவிட்டது. ஏன் என்று போகப்போகப் புரியும்.

1. இரண்டு ஊர், ஒரே கல்

முதலில் அடியில் இருக்கும் அச்சைப் பார்ப்போம்.

ரவிவர்மா (1848–1906) எண்ணெய் ஓவியர். ராஜாக்களுக்கும் திவான்களுக்கும் வரைந்தவர். ஒரு ஓவியம் ஒரு அரண்மனையில்தான் இருக்க முடியும். இதை அச்சடித்தால் ஊரெல்லாம் போய்ச் சேருமே என்று 1884-லேயே அவருக்கு எழுதியவர் டி. மாதவராவ், திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்தவர். பத்து வருஷம் கழித்து, 1894-ல், பம்பாய் கிர்காவில் ரவிவர்மா அச்சகம் தொடங்கியது. இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது, வேலை தெரிந்த ஆட்களும் அங்கிருந்தே வந்தார்கள். அவர்களில் ஒருவரான ஃபிரிட்ஸ் ஷ்லைஷர்தான் பிறகு அச்சகத்தையே வாங்கிக்கொண்டார்.

தொழில்நுட்பத்தின் பெயர் லித்தோகிராஃப், அதாவது கல்லச்சு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே விஷயத்தை வைத்துச் செய்வது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு கலந்த மையால் வரைவார்கள். கல்லை நனைத்துவிட்டு மை உருளையை ஓட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும், ஈரமான இடத்தில் பிடிக்காது. ஒரு நிறத்துக்கு ஒரு கல். நம்ம ஆட்களுக்குச் சொல்வதென்றால், போட்டோஷாப்பில் லேயர் லேயராகப் போடுவதுதான், ஒவ்வொரு லேயரும் தூக்க முடியாத கனத்தில் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியில் வார்னிஷ் பூசி, எண்ணெய் ஓவியம் மாதிரி பளபளப்பு கொடுத்தால் அதுவே ஓலியோகிராஃப்.

அதே 1894 டிசம்பரில் பாரீஸில் ஒரு அச்சகத்தில் ஒரு அவசர வேலை வந்தது. சாரா பெர்னார் என்ற பெரிய நாடக நடிகைக்கு 'கிஸ்மோண்டா' நாடகத்துக்காகப் போஸ்டர் வேண்டும். அல்ஃபோன்ஸ் மூகா என்ற செக் நாட்டு ஓவியர் வரைந்து கொடுத்தார். 1895 ஜனவரி 1-ம் தேதி பாரீஸ் சுவர்களில் அது வந்தது. இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், ஒல்லியான நீளப் படம், ஆள் உயரத்துக்கு நிற்கும் பெண், தலையில் பூ, தரை வரை விழும் வேலைப்பாடு நிறைந்த அங்கி, தலைக்குப் பின்னால் சாமி படத்தில் பிரபை வைப்பது மாதிரி ஒரு வளைவு. அதுவும் கல்லச்சுதான்.

பம்பாயிலும் பாரீஸிலும் ஒரே நேரத்தில் ஒரே தொழில்நுட்பம் ஒரே வேலையைச் செய்திருக்கிறது. அலங்காரம் செய்த ஒரு பெண் உருவத்தை ஆயிரக்கணக்கில் பெருக்கிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. பாரீஸில் அவள் நடிகை, இங்கே அவள் தெய்வம்.

2. தெய்வத்துக்கு எந்தக் கட்டு?

இதில் உடை எங்கே வருகிறது?

1888-ல் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பதினான்கு புராண ஓவியங்கள் வேண்டும் என்று ரவிவர்மாவிடம் சொன்னார். சீதை, சகுந்தலை, தமயந்தி எல்லாம் என்ன உடுத்தியிருப்பார்கள்? ரவிவர்மாவும் அவருடைய தம்பியும் வட இந்தியாவில் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரே மாதிரி உடை எங்கும் கிடைக்கவில்லை. ஊருக்கு ஒரு கட்டு, சாதிக்கு ஒரு கட்டு. அந்தக் குழப்பமே தனியாக ஒரு ஓவியமாகவும் இருக்கிறது. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கும், 1889-ல் வரைந்த இசைக்கலைஞர்கள் ஓவியத்தைப் பாருங்கள். பதினொரு பெண்கள், ஆளுக்கு ஒரு பகுதியின் உடை.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது சேலை. அதிலும் லட்சுமி, சரஸ்வதி படங்களில் முன்பக்கம் கொசுவம், தோளில் முந்தானை, ரவிக்கை. இன்றைக்கு நாம் 'பாரம்பரிய உடை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அந்தத் தோற்றத்தை இந்தியா முழுக்கப் பரப்பியதில் அந்தக் கல்லச்சுப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அந்தப் படம் வந்து தொங்கிய வளவில் பெண்கள் எப்படிச் சேலை கட்டியிருந்தார்கள்? கண்டாங்கி. கட்டம் போட்ட கெட்டிப் பருத்திச் சேலை. கொசுவம் பின்பக்கம், உயரம் கணுக்காலுக்கு மேலே. ரவிக்கை போடாத தலைமுறை அது. வேலை செய்ய வசதியான உடை. ஆக, தினமும் விளக்கேற்றிக் கும்பிட்ட லட்சுமி, கும்பிட்டவர்கள் கட்டிய மாதிரி கட்டியிருக்கவில்லை. தெய்வத்தின் ஃபேஷன் வேறு எங்கோ முடிவாகி, ரயிலில் வந்து இறங்கியிருக்கிறது.

பாரீஸ் கதையும் இதேதான். மூகாவின் பெண்கள் போட்டிருக்கும் தளர்ந்த அங்கியை 1895-ல் பாரீஸ் தெருவில் யாரும் போட்டுக்கொண்டு நடக்கவில்லை. அன்றைய நிஜப் பெண்கள் இடுப்பை இறுக்கும் கோர்செட்டும், தோளில் பலூன் மாதிரி உப்பிய கையும் வைத்த உடையில் இருந்தார்கள். சுவரில் ஒரு பெண், தெருவில் வேறொரு பெண்.

3. கட்டம் வளையாது

அன்றைய பாரீஸில் பெண்ணின் உடையை வேறு மாதிரி பார்த்த ஓவியர்களும் இருந்தார்கள். எனக்கு விடை கிடைத்தது அங்கேதான். அதற்கு ஜப்பான் வழியாகப் போக வேண்டும்.

1854-ல் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் போட்டு ஜப்பான் துறைமுகங்களைத் திறக்க ஆரம்பித்தது. 1867 பாரீஸ் கண்காட்சியில் ஜப்பான் கலந்துகொண்டது. ஹொக்குசாய், ஹிரோஷிகே, உத்தமாரோ இவர்களுடைய மரக்கட்டை அச்சுப் படங்கள் பாரீஸ் கடைகளில் கிடைக்க ஆரம்பித்தன. முதலில் அது ஃபேஷன். 1876-ல் மோனே தன் மனைவிக்குச் சிவப்பு ஜப்பானிய அங்கியைப் போட்டுவிட்டு, கையில் விசிறி கொடுத்து ஆளுயரப் படம் வரைந்தார். அதில் அங்கி ஜப்பானுடையது, வரைந்த விதம் ஐரோப்பாவுடையது. மடிப்பு, நிழல், வெளிச்சம் எல்லாம் பழைய கணக்குதான்.

அடுத்த தலைமுறை அங்கியை விட்டுவிட்டு விதத்தை எடுத்துக்கொண்டது. ஜப்பானிய அச்சில் நிழல் கிடையாது. உடம்பு வளைந்தாலும் துணியில் இருக்கும் பூவோ கட்டமோ தட்டையாக, காகிதத்தில் ஒட்டியது மாதிரி அப்படியே இருக்கும். 1890-ல் பாரீஸ் கலைப்பள்ளியில் ஜப்பானிய அச்சுகளின் பெரிய கண்காட்சி நடந்தது. அந்த வருஷமும் அடுத்த வருஷமுமாக பியர் பொன்னார் 'தோட்டத்தில் பெண்கள்' என்று நான்கு நீளப் பலகைகள் வரைந்தார். இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 160 செ.மீ. உயரம், அரை மீட்டர்கூட அகலம் இல்லை. அதில் ஒருத்தி கட்டம் போட்ட உடையில் இருப்பாள். அந்தக் கட்டத்தைக் கவனியுங்கள். அவள் உடம்பு திரும்புகிறது, கட்டம் திரும்பவில்லை. வரைபடத்தாளை வெட்டி ஒட்டியது மாதிரி நேராக நிற்கிறது.

வரையத் தெரியாமல் இல்லை. துணியின் அழகு துணியில்தான் இருக்கிறது, அதை மடித்து நிழலில் ஒளிக்க வேண்டாம் என்ற முடிவு அது.

பொன்னாரின் நண்பர் எதுவார் வுய்யார். இவருடைய அம்மா தையல்காரர், கோர்செட் தைப்பவர். வீடே பட்டறை. கணவர் இறந்தபின் அந்த ஊசியில்தான் குடும்பம் ஓடியது. வுய்யார் அறுபது வயதை நெருங்கும்வரை அம்மாவுடனேயே இருந்தார், அம்மா 1928-ல் இறந்தார். இவருடைய படங்களில் திரும்பத் திரும்ப வருவது தைக்கிற பெண்கள். புள்ளிபோட்ட உடை, பூப்போட்ட சுவர்க்காகிதம், கட்டம் போட்ட மேசைவிரிப்பு எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, பெண் எங்கே முடிகிறாள், சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அலங்காரம் என்பது அவர் பிறகு கற்றுக்கொண்ட கொள்கை இல்லை. சின்ன வயதிலிருந்து காலடியில் கிடந்த துண்டுத் துணிகள்.

ஆனாலும் பாருங்கள், அருங்காட்சியகச் சுவரில் இருப்பது மகனின் பெயர்தான். அம்மா தைத்த கோர்செட்டில் யார் பெயரும் இல்லை.

4. சுற்றி வந்த டைல்ஸ்

இந்த ஜப்பான்–பாரீஸ் வழி நம்ம ஊருக்கும் நேராக வருகிறது. நண்பர் வீட்டு முகப்புச் சுவரிலேயே அது ஒட்டியிருந்தது.

ஜப்பானியப் பொருள் விற்றுவந்த சீக்ஃபிரீட் பிங் என்பவர் 1895 டிசம்பரில் பாரீஸில் ஒரு புதுக் கடை திறந்தார். பெயர் 'ஆர்ட் நூவோ', புதுக் கலை. அந்தப் பெயர்தான் பிறகு ஒரு பாணிக்கே பெயராக நிலைத்தது. கொடி மாதிரி வளையும் கோடு, நீண்ட தண்டு, தட்டையான பூ. இந்தப் பாணியில் இங்கிலாந்துத் தொழிற்சாலைகள் சுவர் டைல்ஸ் செய்தன. அதைப் பார்த்து ஜப்பானியத் தொழிற்சாலைகள் அதேபோலச் செய்ய ஆரம்பித்தன. 1910-கள் தொடங்கி 1930-கள் வரை ஆசியா முழுக்க அனுப்பின. விலை குறைவு. பர்மா, மலேயா, சைகோன் என்று தொழில் செய்த நகரத்தார் பர்மாத் தேக்கோடும் இத்தாலிப் பளிங்கோடும் இதையும் வாங்கிவந்து பதித்தார்கள்.

ஆறங்குலச் சதுரம். கோடு மேடாக இருக்கும், பள்ளத்தில் மெருகுநிறம் தேங்கி அங்கே மட்டும் அடர்த்தியாகத் தெரியும். ஏற்கெனவே பெயர்ந்துகிடந்த ஒன்றை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் 'மேட் இன் ஜப்பான்'. முன்பக்கம் பாரீஸ் பூ. அந்தப் பூவே ஜப்பானிய அச்சைப் பார்த்துப் பிறந்தது. ஜப்பானிலிருந்து கிளம்பி, பாரீஸ், இங்கிலாந்து, திரும்ப ஜப்பான், அங்கிருந்து திருமயம் பக்கம்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. இந்தியச் சந்தைக்காக அதே ஜப்பானியத் தொழிற்சாலைகள் சாமி டைல்ஸும் செய்தன. லட்சுமி, சரஸ்வதி, கிருஷ்ணன். மாதிரி? ரவிவர்மா அச்சகப் படங்கள்தான்.

5. அப்போ அந்தத் துணி?

இப்போது வளவில் இருந்த லட்சுமிக்குத் திரும்பலாம்.

ரவிவர்மா ஐரோப்பிய முறையில் தேர்ந்தவர். சேலையின் ஒவ்வொரு மடிப்புக்கும் நிழல் போட்டு, உள்ளே ஒரு உடம்பு இருக்கிறது என்று காட்டுவதுதான் அவருடைய திறமை. அந்த மாமியார் என்ன செய்தார்? அந்த மடிப்பு, நிழல் எல்லாவற்றையும் மூடிவிட்டார். மேலே ஒரு தட்டையான பட்டுத்துண்டு. அதில் இருக்கும் கட்டம் வளையவில்லை, லட்சுமியின் இடுப்பு எங்கே திரும்பினாலும் நேராகவே போகிறது. பொன்னார் தூரிகையால் செய்ததை இவர் ஊசியால் செய்திருக்கிறார்.

பாரீஸைப் பார்த்தா செய்தார்? இல்லை. அதற்கு அவசியமே இல்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கரேக்கும் கல்லும் பதிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கோயிலில் மூலவருக்கு வஸ்திரம் சாத்தி, மாலை போட்டபிறகுதான் தரிசனம். கல்லில் சிற்பி எவ்வளவு அழகாக மடிப்புச் செதுக்கியிருந்தாலும் அதன்மேல் நிஜத் துணி சாத்துகிறோம். சிற்பியைக் குறைத்துச் சொல்வதற்காக இல்லை. உடுத்திவிடுவது ஒரு உறவு. ஓலியோகிராஃப் படங்களுக்குத் துணியும் சரிகையும் மணியும் வைத்து அலங்கரிப்பது செட்டிநாட்டு வீடுகளில் நன்றாகவே பழக்கத்தில் இருந்தது, இன்றும் பழம்பொருள் கடைகளில் அந்தப் படங்களைப் பார்க்கலாம்.

பம்பாயிலிருந்து ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வந்த லட்சுமி, இந்த ஒரு வீட்டில் மட்டும் இந்த வீட்டு மருமகளின் கல்யாணச் சேலையைக் கட்டியிருக்கிறாள். அச்சு எத்தனை பிரதி வேண்டுமானாலும் இருக்கும். இந்தப் பட்டுத்துண்டு வைத்தது ஒன்றே ஒன்றுதான். வியாபாரி 'ஒரிஜினல்' என்ற சொல்லைத் தலைகீழாகப் பயன்படுத்தினார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடியில் இருப்பது பிரதி. மேலே இருப்பதுதான் ஒரிஜினல்.

அவர் சொன்ன விலைக்கணக்கில் தப்பு இருக்காது, சந்தையில் பெயருக்கு விலை உண்டு. ரவிவர்மாவுக்குப் பெயர் உண்டு, அச்சகத்துக்குப் பெயர் உண்டு, டைல்ஸ் பின்னால்கூட நாட்டின் பெயர் உண்டு. இந்தப் படத்தில் பெயர் இல்லாத ஒரே கை, கடைசியாகப் பட்ட கை. அதை உரித்து எடுத்தால்தான் விலை கூடும் என்கிறார்கள்.

6. என்ன செய்தோம்

ஒரு வாரம் கழித்து இதையெல்லாம் நண்பரிடம் கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன். அவர் பங்காளிகளிடம் பேசினார். டைல்ஸும் கதவுகளும் போய்விட்டன, அதைத் தடுக்க யாராலும் முடியவில்லை. லட்சுமியை மட்டும் விலைக்குப் போடாமல் நண்பர் தன் பங்கில் கழித்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் படம் இருந்தால் சில விஷயம்:

துணி தூக்கிக்கொண்டிருந்தாலும் பெவிகால் போட்டு ஒட்டாதீர்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பட்டுச் சாயம் காகிதத்தில் இறங்கிவிடும். வெயில் படும் சுவரிலும், சமையலறைப் பக்கத்துச் சுவரிலும் மாட்ட வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை சட்டத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள், ராமபாணப் பூச்சிக்குப் பழைய காகிதமும் பசையும் ரொம்பப் பிடிக்கும். முன்னும் பின்னும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள்.

முக்கியமாக, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்: யார் தைத்தது, எந்தச் சேலை, எந்த வருஷம். எங்களுக்கு அதைச் சொல்ல ஒருத்தர் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரும் இல்லாமல் இருந்திருந்தால் அது வெறும் நைந்த துணியாகத்தான் எங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஆச்சி மாமியாரின் பெயரையும், கல்யாணம் ஆன தமிழ் வருஷத்தையும் சொன்னார். "அவுக சாயங்காலம் வெளக்கு வச்சதும் தைக்க உக்காந்தா, நாங்க யாரும் பக்கத்துல பேசக்கூடாதுப்பா" என்று சிரித்தார். நண்பரின் மகள் அதை ஒரு காகிதத்தில் எழுதி, சட்டத்தின் பின்பக்கம் சொருகிவைத்தாள். அவர்கள் வீட்டுப் பெயர், அதனால் இங்கே எழுதவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.